டொரோண்டோ வானத்துக்கு யார் பொறுப்பு?

அட்லாண்டிக்கின் மேல்

லண்டனிலிருந்து கிளம்பி, அயர்லாந்தின் கடைசிப் பச்சையும் மேகத்துக்குள் போன பிறகு ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஒரு கனடிய அம்மா. இப்போது மகனோடு டொரோண்டோவில் இருக்கிறார். பிறந்து வளர்ந்தது நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள கேண்டர் என்ற சிற்றூரில். எதிர்த் திரையில் வரைபடம் வந்ததும் கடலோரத்தில் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பக்கம் பறக்கிற எல்லாரும் எங்கள் ஊரிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்" என்றார்.

ஊர்ப்பெருமைபோலக் கேட்டாலும் அது உண்மை. வட அட்லாண்டிக்கின் வானம் மேற்கு 30 பாகைத் தீர்க்கரேகையில் இரண்டாகப் பிரிகிறது. அதற்குக் கிழக்கே பறக்கும் விமானங்களுக்குப் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் 'ஷான்விக்' பொறுப்பு. கோட்டைத் தாண்டி மேற்கே வந்துவிட்டால் கேண்டர். கீழே இருப்பதோ யாருக்கும் சொந்தமில்லாத கடல். ஒரு நாட்டின் நிலத்துக்கும் அதன் கரையோரக் கடலுக்கும் மேலுள்ள வானம் முழுக்க அந்த நாட்டுக்கே உரியது என்று 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கை சொல்கிறது. ஆழ்கடலுக்கு மேலே உரிமை யாருக்கும் கிடையாது. பொறுப்பு மட்டும் உண்டு. அதைப் பங்கிடும் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகம் கனடாவின் மான்ட்ரியால் நகரத்தில்தான் இருக்கிறது.

நமக்கும் இப்படி ஒரு பங்கு உண்டு. இந்திய வானம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரும் வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. சென்னையின் வட்டாரம் மெரினாவோடு நிற்பதில்லை. வங்காள விரிகுடாவுக்குள் வெகுதூரம் போகிறது. அங்கே நடுக்கடலின் மேல் போகும் விமானங்களுக்குச் சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான் வழி சொல்லிக்கொண்டிருப்பார்.

கேண்டர் அம்மா 2001 செப்டம்பர் 11-க்கு வந்து சேர்ந்தார். அமெரிக்கா தன் வானத்தை மூடியபோது நூற்றுக்கணக்கான விமானங்கள் அட்லாண்டிக்கின் மேலே இருந்தன. கனடா அவற்றைத் தன் மண்ணில் இறங்கச் சொன்னது. சுமார் பத்தாயிரம் பேர் வாழும் கேண்டரில் மட்டும் 38 பெரிய விமானங்கள், ஏறத்தாழ 6,600 பயணிகள். "பள்ளிக்கூடத்தில் படுக்கை போட்டோம். நான் சூப் காய்ச்சினேன். இந்தியர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் உருளைக்கிழங்கை அவித்துக் கொடுத்தேன்" என்றார். உப்பு போட்டீர்களா என்று கேட்டேன். "போட்டேன். மிளகாய்தான் இல்லை" என்று சிரித்தார்.

மிசிசாகா, பியர்சன் வேலியோரம்

டொரோண்டோவின் பெரிய விமான நிலையத்துக்கு லெஸ்டர் பியர்சன் என்ற பழைய பிரதமரின் பெயர். 1984-இல் இந்தப் பெயர் வைக்கும் வரை ஊர்க்காரர்களுக்கு அது மால்டன். அதன் மூன்றெழுத்துக் குறியீடு 'ஒய் ஒய் இசட்'. டொரோண்டோவின் ராக் குழுவான 'ரஷ்' அந்தக் குறியீட்டின் மோர்ஸ் தட்டலையே தாளமாக வைத்து 1981-இல் ஓர் இசைத்துண்டு போட்டது. விமான நிலையக் குறியீட்டுக்கு மெட்டமைத்த ஊரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஓடுபாதைக்குப் பக்கத்தில் மிசிசாகாவில் டான்வில் பூங்கா என்று ஒரு மேட்டுநிலம் இருக்கிறது. மாலையானால் மடக்கு நாற்காலியும் காபிக் கோப்பையுமாகச் சிலர் விமானம் பார்க்க வந்துவிடுகிறார்கள். அங்கே அறிமுகமானவர் கயானாவில் பிறந்த ஒரு பெரியவர். அவருடைய முன்னோர் சென்னையில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. குடும்பப் பெயர் மட்டும் அப்பட்டமான தமிழ்ப் பெயர். டௌன்ஸ்வியூவிலிருந்த டி ஹாவிலண்ட் தொழிற்சாலையில் விமான இறக்கை பொருத்தி ஓய்வு பெற்றவர். கையில் ஒரு சின்ன ரேடியோ. அதில் கட்டுப்பாட்டாளர்களின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. ஏற்ற இறக்கமில்லாத, அவசரமே தெரியாத குரல்.

கனடிய வானம் ஏ முதல் ஜி வரை ஏழு வகுப்புகள் என்று அவர் விரல்விட்டுச் சொன்னார். நாட்டின் தென்பகுதியில் 18,000 அடிக்கு மேலே ஏ வகுப்பு. அங்கே ஜன்னல் வழியே பார்த்து ஓட்டும் வேலையே கிடையாது. கருவிகளை நம்பி, கட்டுப்பாட்டாளர் சொல்லும் பாதையில்தான் போகவேண்டும். மறுகோடியில் ஜி. அங்கே யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். கண்ணும் காதும்தான் காவல். நடுவில் பல படிகள். எஃப் வகுப்பு தனி ரகம்: ராணுவப் பயிற்சி, பாராசூட் குதிப்பு என்று குறிப்பிட்ட காரணத்துக்காக வேலி போட்ட துண்டுகள். நயாகரா அருவியின் மேலேயும் அப்படி ஒரு துண்டு இருக்கிறது. இல்லாவிட்டால் சுற்றுலா ஹெலிகாப்டர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

பியர்சனைச் சுற்றியுள்ள வானத்தின் வடிவத்தை அவர் கையை விரித்துக் காட்டியபோது எனக்குத் தலைகீழாக நிறுத்திய கோயில் கோபுரம்தான் தெரிந்தது. தரையில் விமான நிலையத்தைச் சுற்றிச் சிறிய வட்டம். மேலே போகப்போக அகன்றுகொண்டே போகும் நிலைகள். இறங்கும் விமானம் அகன்ற மேல்நிலையில் நுழைந்து, கைமாறிக் கைமாறி, கடைசியில் ஓடுபாதைக்கு மேலுள்ள குறுகிய வட்டத்துக்குள் வருகிறது. அந்த நிலைகளுக்குக் கீழே, ஓரங்களில், சிறு விமானங்கள் தங்கள் பாட்டுக்குப் போய்வரலாம்.

அவர் சொன்னதில் என்னை மிகவும் கவர்ந்தது உயரமானியின் கதை. விமானம் தன் உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துத்தான் கணிக்கிறது. அழுத்தமோ ஊருக்கு ஊர் மாறும். 18,000 அடிக்குக் கீழே விமானிகள் அந்தந்த ஊரின் அழுத்தத்தைக் கேட்டுக் கருவியைத் திருத்திக்கொள்கிறார்கள். அதற்கு மேலே போனதும் எல்லாரும் 29.92 அங்குலப் பாதரசம் என்ற ஒரே எண்ணுக்கு மாறிவிடுகிறார்கள். அது உண்மையான உயரத்தைக் காட்டாது. ஆனால் எல்லாருடைய பிழையும் ஒரே அளவாக இருப்பதால் யாரும் யாரையும் முட்டுவதில்லை. வடதுருவப் பக்கம் இன்னும் வேடிக்கை: காந்தமுனை அருகில் இருப்பதால் திசைகாட்டி தடுமாறும், அதனால் அங்கே காந்த வடக்கை விட்டுவிட்டு உண்மை வடக்கை வைத்தே திசை சொல்கிறார்கள்.

இந்தக் கோடுகள் நாட்டெல்லையையும் மாநில எல்லையையும் மதிப்பதில்லை. டொரோண்டோ இருக்கும் அதே ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்குப் பகுதியை வின்னிபெக் மையம் பார்த்துக்கொள்கிறது. தென்மேற்கே வின்ட்சர் பக்கத்து வானத்தில் ஒரு பகுதியை, இரு நாடுகளும் பேசிவைத்துக்கொண்டு, அமெரிக்காவின் கிளீவ்லாந்து மையம் நடத்துகிறது. கனடிய மண்ணுக்கு மேலே பறக்கும் விமானத்திடம் ஓஹாயோவிலிருந்து ஒருவர் பேசுகிறார். இறையாண்மை போய்விட்டது என்று ஒட்டாவாவில் யாரும் தெருவுக்கு வரவில்லை.

இறையாண்மை எங்கே சீறும் என்பதையும் அவரே கைநீட்டிக் காட்டினார். பியர்சனின் ஒரு மூலையில் 2022 பிப்ரவரி 27 முதல் நின்றுபோனது ரஷ்ய நிறுவனம் ஒன்றின் ராட்சத அன்டோனோவ்-124 சரக்கு விமானம். கோவிட் பரிசோதனைப் பொருள்களை இறக்க வந்தது. அதே நாளில், உக்ரைன் போருக்காக, கனடா ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. நிற்பதற்கு நிமிடத்துக்கு 74 கனடிய சென்ட் வாடகை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. 2023 ஜூனில் அரசு அதைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. "பாவம், நல்ல விமானம்" என்றார் இறக்கை பொருத்தியவர். இப்படி மூடுவது நமக்கும் புதிதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடிய பிறகு, டெல்லியிலிருந்து மேற்கே போகிறவர்கள் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.

வானத்தை மூடுவது அரசு; ஆனால் அதை அன்றாடம் நடத்துவது அரசுத் துறை அல்ல. 1996 நவம்பர் 1 அன்று கனடா தன் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை 'நாவ் கனடா' என்ற, பங்குதாரரும் லாபமும் இல்லாத தனியார் நிறுவனத்துக்கு 150 கோடி டாலருக்குக் கொடுத்துவிட்டது. ஏழு மையங்கள், 1.8 கோடி சதுர கிலோமீட்டர் வானம். செலவு வரிப்பணத்திலிருந்து வருவதில்லை. பறக்கிறவர்கள் கட்டும் கட்டணம்தான். நம் ஊரில் இது இந்திய விமான நிலைய ஆணையத்தின் கையில், அதாவது அரசிடம் இருக்கிறது. கனடாவின் முறையை உலகமே புகழ்கிறது. நானும் பாதி புகழ்வேன். விமானங்கள் பறக்காத 2020-இல் வருமானம் விழுந்ததும் அவர்கள் செய்தது கட்டணத்தைச் சராசரியாக 29.5 சதவீதம் ஏற்றியதும் ஆட்களைக் குறைத்ததும்தான். மழைக்காலத்தில் குடையின் விலையை ஏற்றுகிற நிறுவனத்தை முழுசாகப் புகழ மனம் வரவில்லை.

ஸ்கார்பரோ

நகரத்தின் கிழக்கே வந்ததும் கடைப்பலகைகள் தமிழாகிவிடுகின்றன. நகைக்கடை, வழக்கறிஞர், பல் மருத்துவர், இடியாப்பம். ஆட்டிறைச்சி ரோல்ஸ் வைத்திருக்கும் கடையொன்றில் நண்பர் என்னைத் தன் பழைய கணக்கு வாத்தியாரிடம் அறிமுகப்படுத்தினார். எல்லாருக்கும் அவர் 'மாஸ்ரர்'. வசாவிளான்காரர், யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு அடுத்த ஊர். ரோல்ஸின் மொறுமொறுப்பு அடங்கும் முன் சாப்பிடவேண்டும் என்பதில் கண்டிப்பானவர். சாப்பிட்ட பிறகுதான் பேசினார்.

"தம்பி சென்னையே? அப்ப உங்கட பிளேன் எங்களுக்குச் சாப்பாடு போட்டது தெரியும்தானே?"

1987 ஜூன் 4. முந்திய நாள் இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் ஐந்து அன்டோனோவ்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொருள்களைப் போட்டன. 'ஆப்பரேஷன் பூமாலை'. கொழும்பு அதைத் தன் வானத்தின் மீதான அத்துமீறல் என்றது. சிகாகோ உடன்படிக்கைப்படி பார்த்தால் கொழும்பு சொன்னது சரி. "சட்டம் சரியாத்தான் இருக்கும்" என்றார் மாஸ்ரர். "அதுக்கு முன்னம் அதே வானத்தில இருந்து எங்களுக்கு மேல குண்டு போட்டவங்கள். அது அத்துமீறல் இல்லையாம். அவங்கட வானம், அவங்கட குண்டு."

பொம்மர் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய கால்கள் அவருடையவை. சத்தத்தை வைத்தே எது ஹெலி, எது சகடை என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்களாம். ஸ்கார்பரோவுக்கு வந்த புதிதில், பியர்சனுக்குத் தாழ இறங்கும் விமானச் சத்தத்துக்கு அவர் மனைவி பாத்திரத்தைப் போட்டுவிட்டுக் கட்டிலின் கீழே போயிருக்கிறார். இப்போது பேரப்பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் சொன்னார். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் போன லயன் ஏர் விமானம் மன்னார்ப் பக்கத்துக் கடலில் ஏவுகணைக்கு விழுந்தது. 55 பேர். பயணிகள் எல்லாரும் தமிழர்கள். சுட்டது விடுதலைப் புலிகள் என்றது அரசு விசாரணை. சிதைவுகள் இரணைதீவுக் கடலில் கண்டுபிடிக்கப்பட்டதோ 2012-இல்தான். "பதினாலு வருசம், தம்பி. ரண்டு பக்கமும் வானம் தங்கட எண்டு சொன்னது. போய்த் தேடத்தான் ஒருத்தரும் இல்லை."

2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தது. மாஸ்ரர் சென்னை போய் அங்கிருந்து பலாலிக்குப் பறந்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஊர் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ரன்வே நல்லா இருக்கு" என்றார்.

மார்க்கம், பிக்கரிங்

மார்க்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே டிரோனோடு நின்றவர் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த இளைஞர். மாப்பிள்ளை குதிரை வண்டியில் வரும் காட்சியை மேலிருந்து எடுக்கவேண்டும். 250 கிராமுக்கு மேலான டிரோன் என்றால் பதிவும் விமானிச் சான்றிதழும் கட்டாயம். 122 மீட்டருக்கு மேலே போகக்கூடாது. கட்டுப்பாட்டு வானம் என்றால் உயர்நிலைச் சான்றிதழோடு, நாவ் கனடாவின் செயலியில் அனுமதியும் வாங்கவேண்டும். "அண்ணா, மாப்பிள்ளை லேட்டா வந்தா அனுமதி நேரம் முடிஞ்சுடும். மாப்பிள்ளைவீட்டுக்கு இதை விளங்கப்படுத்த ஏலாது" என்றார். நம் ஊரிலும் 2021 முதல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடம் இருக்கிறது. கல்யாண வீட்டு வாசலில் அதை விரித்துப் பார்க்கும் டிரோன்காரர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

அவருடைய வரைபடத்திலிருந்து அண்மையில் ஒரு வட்டம் காணாமல் போயிருந்தது. பக்கத்திலிருந்த பட்டன்வில் விமான நிலையத்தை 2023 நவம்பர் 30-இல் மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் டௌன்ஸ்வியூ ஓடுபாதையும் போயிற்று. நிலத்தின் விலை ஏறினால் வானத்தின் எல்லைகள் அழிகின்றன.

இதற்கு நேர்மாறான கதை பிக்கரிங்கில் இருக்கிறது. இரண்டாவது பெரிய விமான நிலையம் வேண்டுமென்று 1972-இல் மத்திய அரசு இங்கே 18,600 ஏக்கர் வளமான நிலத்தை எடுத்துக்கொண்டது. ஊரார் 'மக்களா விமானங்களா' என்ற பொருளில் பெயர் வைத்து ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 1975-இல் மாகாண அரசு பின்வாங்கியதும் வேலை நின்றது. திட்டம் மட்டும் சாகவில்லை. அரை நூற்றாண்டாக உழவர்கள் தங்கள் நிலத்திலேயே அரசின் குத்தகைக்காரர்கள். விமான நிலையத்துக்கு நிலம் கேட்ட பரந்தூரைத் தெரிந்தவர்களுக்கு அதிகம் விளக்கவேண்டியதில்லை. 2025 ஜனவரியில் அங்கே விமான நிலையம் வராது என்று அறிவித்தவர் அப்போதைய மத்திய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த். தந்தை வழியில் தமிழர். சாலையோரப் பேக்கரியில் வெண்ணெயும் சர்க்கரையும் வழியும் பட்டர் டார்ட்டை எனக்குப் பொட்டலம் கட்டிய பெண்மணி, "நல்ல செய்திதான். என் அப்பா கேட்க இல்லையே" என்றார்.

ஏரிக்கரை

சி.என். கோபுரம் 553 மீட்டர். அதன் பார்வை மேடை 346 மீட்டரில். அங்கே நின்றால் தீவு விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களை மேலிருந்து கீழே பார்க்கலாம். நகரின் மையத்துக்கு எதிரே, ஏரியில், கரையிலிருந்து நூற்றுச்சொச்சம் மீட்டரில் ஒரு விமான நிலையம்! படகில் ஏறி மூச்சு விடுவதற்குள் இறங்கவேண்டும். 2015 முதல் ஏரிக்கு அடியில் நடைச்சுரங்கமும் உண்டு. மத்திய அரசும் நகராட்சியும் துறைமுக நிர்வாகமும் 1983-இல் போட்ட ஒப்பந்தம் இங்கே ஜெட் விமானங்களை விலக்கியது. அதனால் சுழலிகள் வைத்த டேஷ்-8 விமானங்களே இங்கு அதிகம். அவை டௌன்ஸ்வியூவில் செய்தவை; கயானாப் பெரியவரின் கைபட்டதும் ஒன்றிரண்டு இருக்கலாம். கரையோர அடுக்குமாடிகள் எவ்வளவு உயரலாம் என்பதையும் இந்தச் சின்ன ஓடுபாதை தீர்மானிக்கிறது. பல்லாவரத்தில் மாடி எழுப்ப விமான நிலையத் தடையில்லாச் சான்றுக்கு அலைந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பழகினதுதான்.

ஹம்பர் பே

நகரின் மேற்கே ஏரியை ஒட்டிய ஹம்பர் பே கிழக்குப் பூங்காவில் ஒரு சூரியக் கடிகாரமும், பெயர்கள் பொறித்த ஒரு நீளச் சுவரும் இருக்கின்றன. 1985 ஜூன் 22 மாலை பியர்சனிலிருந்து கிளம்பி, மான்ட்ரியாலில் ஆளேற்றி, மறுநாள் காலை வெடித்த ஏர் இந்தியா 182-இல் இருந்தவர்களுக்கு 2007-இல் எழுப்பிய நினைவிடம். 329 பேர். வான்கூவரில் ஏறாத ஒரு பயணியின் வெடிகுண்டுப் பெட்டி பியர்சனில் இந்த விமானத்துக்கு மாறியது. அன்று பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரம் அங்கே பழுதாகியிருந்தது. வானத்தில் அடிக்கணக்கில் கோடு போட்டு வைத்த நாடு, தரையில் ஒரு பெட்டியைக் கோட்டைவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் மேஜரின் விசாரணை அறிக்கை 2010-இல் இதை அரசின் முகத்தில் அடித்ததுபோலச் சொன்னது.

31,000 அடி உயரத்தில் அந்த விமானம் திரையிலிருந்து மறைந்தபோது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அயர்லாந்தின் ஷானன் கட்டுப்பாட்டாளர்கள். விமானம் இந்தியாவுடையது, பயணிகளில் பெரும்பாலோர் கனடியர், கடல் யாருடையதும் இல்லை. ஆனால் வானத்தின் அந்தப் பங்கு அவர்களுடையது. கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. கப்பல்களையும் ஹெலிகாப்டர்களையும் அனுப்பினார்கள். 131 உடல்கள் கரைக்கு வந்தன. மாஸ்ரர் சொன்ன பதினான்கு வருடக் கதையில் இல்லாதது இதுதான். வான்வெளிக் கோடுகளில் நான் மதிப்பது இந்த ஒன்றைத்தான்: விழுந்தால் தேடிப்போக வேண்டியவர் யார் என்பது முன்னமே எழுதப்பட்டிருக்கிறது.

டொரோண்டோவுக்குப் போகும் தமிழரை உறவினர்கள் முதலில் நயாகராவுக்குத்தான் கூட்டிப்போவார்கள். போய் வாருங்கள். திரும்பும் நெடுஞ்சாலை இந்தப் பூங்காவை ஒட்டித்தான் நகருக்குள் நுழைகிறது. வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. சுவரில் தென்னிந்தியப் பெயர்கள் நிறைய இருக்கின்றன. குடும்பம் குடும்பமாக, ஒரே பின்பெயரில் மூன்று நான்கு பேராகப் பொறித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாசித்து முடிக்க அரை மணி நேரம் ஆகும்.